நீலப் பையின் வார்

நாளைக் காலை முதல் பஸ்ஸில் பிரேமினி கொழும்புக்குப் போகிறாள். சீதாலெட்சுமியோடு பேசாமலே போகப்போகிறாள்.

அதற்குள் பையை முடித்தாக வேண்டும்.

மாலையில் பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்டதும், வீட்டுக்குக்கூடப் போகாமல் நேரே மீனம்மாவின் காம்பராவுக்கு வந்துவிட்டாள் சீதாலெட்சுமி. கையில் நோர்வூட் கடையில் வாங்கிய நீலத் துணி. அந்த லயத்து வரிசை வீடுகளில் தையல் மெஷின் மீனம்மாவிடம் மட்டும்தான் இருந்தது. வாயும் அவளுக்குத்தான் கொஞ்சம் நீளம்.

"காலக் கழுவிட்டு உக்காரு. அட்டை கடிச்ச ரத்தம் துணியில படப்போவுது."

கழுவினாள். உட்கார்ந்தாள். இடுப்பு மட்டும் உட்கார மறுத்தது.

"அவதான் ஒம் மொகத்தயே பாக்க மாட்டேங்குறா. அவளுக்குப் பை ஒரு கேடா?"

"நீங்க வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருந்தா பாத்திருப்பாக்கா."

மீனம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

கொழும்பில் ஒரே வீட்டில் வேலைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போவதாகத்தான் பேச்சு. ஆனால் மகள் ரூபிகாவுக்கு இந்த வருடம் பள்ளியில் ஓ.எல். பொதுப் பரீட்சை. அவளை விட்டுவிட்டுப் போக சீதாலெட்சுமிக்கு மனம் வரவில்லை. அதைப் பிரேமினியிடம் சொல்லவும் வாய் வரவில்லை. இன்று நாளை என்று கடத்திக்கொண்டிருந்தபோது, விஷயம் தெரிந்த மீனம்மா பீலியில் தண்ணீர் பிடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் போட்டு உடைத்துவிட்டாள்.

"எங்கிட்ட நேர்ல சொல்ல முடியல, இல்ல?"

பிரேமினி கடைசியாகப் பேசியது அதுதான். பக்கத்து நிரையில் வருடக்கணக்காகக் கொழுந்து பறித்தவள், அதன்பிறகு நிரை மாறி நின்றாள்.

மெஷின் ஓடியது. கண் சொருகியது. ஒரு பக்கம் கோணலாகப் போய், பிரித்துத் திரும்பத் தைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய விரல்களுக்கு ஊசியில் நூல் கோர்ப்பதே பெரும்பாடாக இருந்தது. மிச்சம் வார் மட்டும். அளவு நாடா இல்லை. வாரைத் தன்மேல் போட்டுப் பார்த்தாள். கைகளே நீளத்தைச் சொல்லின. கத்தரித்து, இரண்டு தடவை அழுத்தித் தைத்தாள்.

விடியும்போது சந்தியில் ஒரே பனி. பிரேமினி துணிப்பெட்டியோடு நின்றிருந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீதாலெட்சுமி பையை நீட்டினாள்.

பிரேமினி வாங்கினாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். தோளில் மாட்டினாள்.

பை முழங்காலில் போய் இடித்தது.

சீதாலெட்சுமிக்கு அப்போதுதான் உறைத்தது. நேற்று அவள் வாரைத் தோளில் போடவில்லை. கொழுந்துக் கூடைக் கயிறு போலத் தலையில் போட்டு அளந்திருக்கிறாள்.

பிரேமினி பையையே பார்த்தாள். பிறகு வாரை எடுத்து உச்சந்தலையில் வைத்தாள். பை முதுகில் கச்சிதமாக உட்கார்ந்தது.

"ஏன்டி, கொழும்புல நான் கொழுந்து பறிக்கவா போறேன்?"

"தூக்கக் கலக்கம்டி... குடு, முடிச்சுப் போட்டுத் தாறேன்."

"வேணாம். அவிழும்."

வளைவில் பஸ்ஸின் ஹாரன் கேட்டது. சீதாலெட்சுமி அவசரமாகச் சொன்னாள். "ரூபிகாவுக்குப் பரீட்ச. அன்னைக்கே ஒங்கிட்ட சொல்லியிருக்கணும். பயந்துட்டேன்."

"தெரியும்." பிரேமினி வாரைக் கழுத்து வழியாகக் குறுக்கே போட்டு, பையை இடுப்புக்கு இழுத்துக்கொண்டாள். "இப்படிப் போட்டா ஒருத்தனும் புடுங்க மாட்டான். தீவாளிக்கு வாறப்ப ஒழுங்கா அறுத்துத் தெச்சுக் குடு. அதுக்காவது முழிச்சிரு."

பஸ் அவளை ஏற்றிக்கொண்டு பனிக்குள் போனது.

சீதாலெட்சுமி வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக் களத்துக்கு ஓடினாள். பேர் வாசித்துக்கொண்டிருந்த தோட்டத்துக் கண்டாக்கு நிமிர்ந்து பார்த்தார். "லேட்டு. எங்கம்மா ஒன் ஜோடி?"

"தீவாளிக்கு வருவாளுங்கய்யா."

மலையேறி, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டினாள். பக்கத்து நிரையில் யாரோ புதிதாக ஒரு பெண் நின்றிருந்தாள். இடுப்பு நேற்றைப் போலவே வலித்தது.