அக்கா பக்கத்துக் கதவு

1

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை எனக்கு எதிர்வீட்டுச் சுவரில் கிடைத்தது. காலையில் பால் பாக்கெட்டை எடுக்கக் கதவைத் திறந்தால், அங்கே இரண்டு ப்ளைவுட் துண்டுகள் சாய்ந்து நிற்கின்றன. மேலே வளைவு, கீழ்மூலையில் சக்கரத்துக்கு இடம் விட்ட பிறை வெட்டு, இரண்டும் அச்சு அசல் ஒன்றுபோல. அடேயப்பா, ரெண்டு கதவு! பாலை விட்டுவிட்டு உள்ளே ஓடிவந்து எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: “கண்ணீர்த்துளி வடிவத்தில் ஒரு வண்டி இருந்தது. அதற்குள்—”

சே, வேண்டாம். கண்ணீர் என்றதுமே கைக்குட்டையைத் தேடுவீர்கள். இது குஷியான கதை.

இரண்டாவது: “கீலைக் கதவின் முன்விளிம்பில்தான் வைக்க வேண்டும். பின்விளிம்பில் வைத்தால், ஓட்டத்தில் தாழ் விட்டுப்போகும்போது காற்று கதவைப் பிய்த்து—”

உண்மைதான், ஆனால் பாடம் மாதிரி இருக்கிறது. (வண்டி கட்டுகிறவர்களுக்கு உதவும், அடிக்காமல் விடுகிறேன்.)

3

எதிர்வீட்டுக்காரர் தையல்கடையில் கட்டிங் மாஸ்டர். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போக ஒரு குட்டி வண்டி கட்டுகிறார். உள்ளே இரண்டு பேர் படுக்கலாம், எழுந்து நிற்க முடியாது. அவர் மனைவி ஆஸ்பத்திரி லேபில் வேலை பார்க்கிறாள், நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். ஒருமுறை லிஃப்ட் பாதியில் நின்றுபோய், கதவுக்கும் அக்காவுக்கும் நடுவே ஆட்கள் நெருக்கியடிக்க, மூச்சே போய்வந்தது. அதிலிருந்து கதவோரம்தான் உட்காருவாள், கதவோரம்தான் படுப்பாள்.

(‘வண்டிக்கு ஒரே கதவு என்றாலும், அந்தக் கதவோரம் அக்காவைப் படுக்கவைக்க வேண்டியதுதானே?’ நல்ல கேள்வி. மாஸ்டருக்குச் சர்க்கரை. ராத்திரி சும்மா சும்மா எழுந்திருப்பார். ஒவ்வொரு தடவையும் அக்கா மேல் ஏறித் தாண்டினால், அவளுக்கு மறுபடியும் அதே லிஃப்ட்தான்.)

தெருவே கேட்ட சண்டை இது:

“ஒரே கதவுன்னா நீங்களே போய்ட்டு வாங்க. நான் வரல.”

“ரெண்டு வச்சா ரெண்டு பக்கமும் மழை ஒழுகும்மா. சுவரும் வலுவா நிக்காது.”

“ஒழுகட்டுமே! மூச்சு முட்டுறதுக்கு நனையறது தேவலாம்.”

ஒரே கதவுதான் என்று மாஸ்டர் பிடிவாதமாக நின்றார். அக்கா வராவிட்டால் அந்த வண்டி வெறும் பெட்டி. அது அவருக்கும் தெரியும் என்பதுதான் என் நம்பிக்கை.

4

இனி நான் பார்க்காதது, முழுக்கக் கற்பனை.

மாஸ்டர் இரண்டு பக்கச் சுவர்ப் பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கிளாம்ப் போட்டு இறுக்கி, வெளிவளைவை ஒரே வெட்டாக வெட்டினார். சட்டையின் இடதையும் வலதையும் சேர்த்து வெட்டிப் பழகிய கை, மயிரிழை பிசகவில்லை. அடுத்து, மேல்பலகையைத் தனியே எடுத்து அதில் மட்டும் கதவை வெட்ட வேண்டும். எடுக்கவில்லை. ரம்பம் போய்க்கொண்டே இருந்தது.

மேல்பலகையைத் தூக்கினால், கீழ்ப்பலகையிலும் கதவு!

மாஸ்டர் சிரித்— (அடித்துவிட்டேன்.) மாஸ்டர் தலையில் கை வைத்— (இதையும்.) எழுதுகிற எனக்கே முகம் தெரியாதபடி குனிந்துகொண்டார் மனுஷன்.

சத்தம் நின்றதும் அக்கா வந்தாள். “என்னங்க இது?”

“தப்பாயிடுச்சு. பழக்கதோஷம். ரெண்டையும் சேர்த்து வெட்டிட்டேன்.”

“கடையில என்னிக்காவது இப்படித் தப்பா வெட்டியிருக்கீங்களா?”

“துணி வேற, பலகை வேற.”

5

முடிவு ஒன்று: மாஸ்டர் ஒரு துண்டைத் திரும்ப ஒட்டி மூடிவிட்டு, தனியாக— சீ! கிழித்துப் போட்டாயிற்று.

முடிவு இரண்டு: சுவர்களைச் சட்டத்தில் நிறுத்தி, மெத்தையை விரித்தார். அக்கா தன் பக்கம் படுத்தாள். புரண்டு காலை வெளியே நீட்டினாள், இறங்கினாள், திரும்ப ஏறினாள், மறுபடி இறங்கினாள். மாஸ்டர் அவர் பக்கமாக இறங்கிவந்தார். வண்டிக்குப் பின்னால் இரண்டு பேரும் முட்டிக்கொள்ளாத குறை.

“சரி, எப்போ கெளம்புறோம்?” என்றாள் அக்கா. எனக்கு இங்கே நாற்காலியில் இருப்புக்கொள்ளவில்லை!

இன்னும் ஒன்று பாக்கி. வேலைமேசையில் ஒரு கடைப்பை. கதவை வெட்டுவதற்கு முன்பே மாஸ்டர் வாங்கிவந்த கீல்கள் அதற்குள் இருக்கின்றன. ஒரு கதவுக்கு மட்டும் இருந்தால் கை தவறியது நிஜம். இரண்டு கதவுக்கும் இருந்தால்… அக்கா பையைப் பார்த்தாள், மாஸ்டரைப் பார்த்தாள், பிறகு தன் தலையணையை எடுத்துவர வீட்டுக்குள் போய்விட்டாள்.

அக்காவே திறக்காததை நான் எப்படித் திறப்பேன்? எனக்குப் பால் வேறு வெளியிலேயே கிடக்கிறது. மாஸ்டர் டீ போடப் போயிருக்கிறார், பை மேசைமேல்தான் இருக்கிறது. பார்ப்பதானால் சீக்கிரம் பாருங்கள், அக்கா வந்துவிடுவாள்.