அறுபத்தைந்தாவது டிராயர்

மனைவி இறந்த இருபத்து மூன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு, பிளம்பரின் வேனிலிருந்து சத்தம் எல்லாம் நின்றுபோனது. சாவியைத் திருப்பினார். முள் ஏறியது, பின்னால் புகை வந்தது, ஸ்டியரிங் கையில் நடுங்கியது. இன்ஜின் ஓடுகிற ஒலி மட்டும் இல்லை. ஹாரனை அழுத்தினார், இல்லை. கதவை ஓங்கிச் சாத்தினார், அதுவும் இல்லை. மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். அவர் பானட்டைத் திறந்து ஒரு மணி நேரம் குடைந்துவிட்டு, வண்டியில் ஒரு குறையும் இல்லை என்றார். சத்தம் வருகிறது என்று வண்டியைக் கொண்டுவருகிறவர்களைத்தான் இத்தனை வருஷமாகப் பார்த்திருக்கிறேன், வரவில்லை என்று கொண்டுவந்த முதல் ஆள் நீங்கள்தான் என்றும் சொன்னார். இதைச் சொல்ல அவர் வேனை விட்டுப் பத்தடி தள்ளி வரவேண்டியிருந்தது. அதற்குள் நின்றால் அவர் குரலும் எடுபடவில்லை.

மனைவி இறக்கும்வரை அந்த வேன் ஊரிலிருக்கும் எல்லா பிளம்பர்களின் வேன்களையும் போலத்தான் இருந்தது. பக்கெட்டுக்குள் ஸ்பானர், ஸ்பானருக்கடியில் ஹேக்ஸா பிளேடு, அதற்கடியில் பசை டப்பா, எல்லாவற்றுக்கும் மேலே ஈரச் சாக்கு. தேடினால் கிடைக்காது, தேடாதபோது காலில் குத்தும். வீட்டுக் குளியலறைக் குழாய் மூன்று மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. மனைவி முதல் மாதம் நினைவுபடுத்தினாள், இரண்டாம் மாதம் சண்டை போட்டாள், மூன்றாம் மாதம் விட்டுவிட்டாள். அவர் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. இரண்டு தடவை வேனுக்குள் தலையை விட்டு அரை இஞ்ச் வாஷர் ஒன்றைத் தேடினார், கிடைக்கவில்லை, நாளைக்குக் கடையில் வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். ஒரு திங்கட்கிழமை அவள் அந்த ஈரத்தில் வழுக்கி விழுந்தாள். விழுந்தபோது பின்னந்தலை தொட்டி விளிம்பில் பட்டது.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் கிளம்பிப்போன மறுநாள், வேனில் இருந்ததையெல்லாம் வாசலில் இறக்கினார். டேப்பைப் பிடித்து உள்ளே அங்குலம் அங்குலமாக அளந்தார். ப்ளைவுட் வாங்கி, அறுத்து, இழைத்து, இரண்டு பக்கமும் டிராயர் அடித்தார். கனமான சாமான் அடித்தட்டில், சக்கரத்துக்கு நேர் மேலே; அடிக்கடி வேண்டியது பின்கதவுப் பக்கம், குனியாமல் கைக்கு எட்டுகிற உயரத்தில்; நீளக் குழாய்கள் கூரையோடு ஒட்டி. ஒவ்வொரு ஸ்பானரையும் பலகையில் வைத்து பென்சிலால் சுற்றி வரைந்தார், எடுத்தால் எது போயிருக்கிறது என்று தெரியும்படி. டிராயர்களுக்கு அடியில் ரப்பர் விரித்தார், முகப்பில் பெயர் எழுதி ஒட்டினார். மொத்தம் அறுபத்து நான்கு டிராயர்கள். மனுஷனுக்கு ஏதோ ஒரு வேலை இருப்பது நல்லதுதான் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் மகள் லீவு போட்டுவிட்டு வீட்டில் இருந்தாள். அம்மாவோட அலமாரியை எப்பப்பா எடுத்து வைக்கிறது என்று ஒருநாள் கேட்டாள். இந்த டிராயர் முடியட்டும்மா என்றார். அப்போது அவர் பதினெட்டாவது டிராயரில் இருந்தார். இருபத்து மூன்றாம் நாள் காலை டிரைவர் சீட்டுக்கடியில் இருந்த மிதியடியைத் தூக்கி உதறியபோது அந்த அரை இஞ்ச் வாஷர் கீழே விழுந்தது. கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். பிறகு வாஷர் டிராயரில் அரை இஞ்சுக்கான அறையில் போட்டு மூடினார். அதற்கப்புறம்தான் சத்தம் நின்றது.

வேன் மட்டுமில்லை, அதிலிருந்து எடுத்த சாமானும் ஊமையாகத்தான் வேலை செய்தது. சுத்தியல் அடித்தது, டிரில் சுவரைத் துளைத்தது, தூசி பறந்தது, காது மட்டும் எதையும் அறியவில்லை. இது வெளியே பரவ ஒரு மாதம்கூட ஆகவில்லை. கைக்குழந்தை உள்ள வீடுகளில் முதலில் கூப்பிட்டார்கள். பிறகு ஆஸ்பத்திரி வார்டு, பரீட்சை நடக்கும் பள்ளிக்கூடம், இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் தூங்குகிற நர்ஸ்கள் தங்கியிருந்த விடுதி. அந்த விடுதியில் ஒரு குளியலறையையே பெயர்த்துப் புதிதாகக் கட்டினார், ஒருத்தியும் புரண்டு படுக்கவில்லை. மற்ற பிளம்பர்கள் வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்து, டிராயர் அளவுகளைக் குறித்துக்கொண்டு போனார்கள். அதேபோல் அடித்தும் பார்த்தார்கள். அவர்களுடைய வேன்கள் முன்பைவிடக் கொஞ்சம் நன்றாக இருந்தன, அவ்வளவுதான்.

பிளம்பருக்கு அந்த அமைதி பிடித்திருந்தது என்று சொல்ல முடியாது, பிடிக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. முதலில் மதியச் சாப்பாட்டை வேனிலேயே சாப்பிட ஆரம்பித்தார், பிறகு ராத்திரிச் சாப்பாட்டையும். இரண்டாம் வருஷம் மகள் அம்மாவின் அலமாரியைத் தனியாளாகக் காலி செய்தாள். மூன்றாம் வருஷம் அவளுக்கு வேறோர் ஊர்க் கிளையில் மேனேஜர் வேலை தருகிறோம் என்றார்கள். அன்றைக்கு வேலை நடுவில் இருந்த அவருக்கு, போகட்டுமா வேண்டாமா என்று மெசேஜ் அனுப்பிவிட்டுப் போன் செய்தாள். அவர் போனை எடுத்தது தெரிந்தது, பதில்தான் வரவில்லை. வேனுக்குள்ளிருந்து பேசினால் குரல் போகாது என்று இருவருக்குமே தெரியும். இறங்கிப் பத்தடி நடந்து வந்து பேசுவார் என்று அவள் காத்திருந்தாள். நாலு நிமிஷம் பொறுத்துவிட்டு, சரிப்பா, வைக்கிறேன் என்று வைத்துவிட்டாள். மறுமாதம் போய்விட்டாள்.

நாலாம் வருஷம் நான்கு நாள் லீவில் வந்திருந்தாள். கிளம்பவேண்டிய நாள் காலையில், அவர் வேனை எடுக்கப் போவதைப் பார்த்து, சொல்லிக்கொள்ள ஓடிவந்து பின்கதவைத் தட்டினாள். தட்டியது கேட்கவில்லை. அவர் ரிவர்ஸ் எடுத்தார், அதுவும் அவளுக்குக் கேட்கவில்லை. சக்கரம் அவளுடைய இடது பாதத்தில் ஏறி இறங்கியது. கல் எதுவோ என்றுதான் நினைத்தார். குலுங்கியதில் டிராயர் ஏதும் நகர்ந்திருக்குமோ என்று கீழே இறங்கி வந்து பின்கதவைத் திறந்து பார்த்தார். எல்லாம் ஒழுங்காக இருந்தது. திரும்பினால் மகள் தரையில் உட்கார்ந்து வாயை முழுசாகத் திறந்தபடி இருந்தாள். கொட்டாவி விடுகிறாள் என்று ஒரு கணம் எண்ணினார்.

அவளைத் தூக்கி, இரண்டு வரிசை டிராயர்களுக்கும் நடுவிலிருந்த இடத்தில் சாக்கை விரித்துப் படுக்கவைத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வளைவில் உருண்டுவிடாமலிருக்க அவள் கைக்குக் கிடைத்த ஒரு பிடியைப் பற்றினாள். சக்கர வளைவுக்குக் கீழே, பெயர் ஒட்டாத, குறுகலான டிராயர். அவர் அடித்தது அறுபத்து நான்கு, இது அறுபத்தைந்தாவது. பிடித்த வேகத்தில் அது வெளியே வந்தது. முதலில் வந்தது அவளுடைய அலறல். அவர் பிரேக்கில் கால் வைத்தார், பிறகு எடுத்துவிட்டு ஓட்டினார். அதற்கடியில் முந்தின நாள் டிரில், போன வாரத்து ஹாரன், சுத்தியல், தும்மல், தும்மலுக்கப்புறம் இன்னொரு தும்மல், விடுதியில் இடித்த சுவர், எல்லாம் மேலிருந்து கீழாகத் தேதி பிசகாமல் வந்தன. ஓரிடத்தில் அவருடைய குரல், "போகாதம்மா" என்றது. கொஞ்சம் விட்டு மறுபடியும், "போகாத" என்றது. மகள் கால் வலியை மறந்து அந்த டிராயரையே பார்த்தபடி கிடந்தாள். ஆஸ்பத்திரி வாசல் வந்தபோது டிராயரின் அடிமட்டம் வந்திருந்தது. அங்கே அழுகை இருந்தது. ஓர் ஆணின் அழுகை. அவசரமில்லாமல், மூச்சு வாங்கி மூச்சு வாங்கி அழுதுகொண்டிருந்தது.

சக்கர நாற்காலியோடு வந்த ஆஸ்பத்திரி ஊழியர் அவளை ஏற்றி வாசல்வரை தள்ளிவந்து, வேனைத் திரும்பிப் பார்த்தார்.

"உள்ள இன்னொரு பேஷன்ட் அழுறாரே, அவரை இறக்க வேண்டாமா?"

"அது பேஷன்ட் இல்லைங்க. எங்கப்பா" என்றாள் மகள்.

ஊழியர் பிளம்பரின் முகத்தைப் பார்த்தார். அதில் ஒன்றுமில்லை.

"நான் அழவே இல்லையேம்மா" என்றார் பிளம்பர்.

"அதான்பா. எல்லாம் அங்க இருக்கு."

அவர் அங்கேயே நின்று கேட்டார். அடுத்த வீட்டில் ஒழுகும் குழாயைக் கேட்கிற மாதிரி, எங்கிருந்து வருகிறது, எவ்வளவு நாளாக வருகிறது என்று கணக்கிடுகிற முகத்தோடு கேட்டார். பிறகு போய் டிராயரை மூடிவிட்டு, உள்ளே வந்து படிவங்களில் கையெழுத்துப் போட்டார்.

பாதத்தில் இரண்டு எலும்பு முறிந்திருந்தது. ஏழு வாரம் கட்டோடு அவள் அப்பா வீட்டில் இருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்த டிராயரைக் காலி செய்துவிடலாம் என்று அவள்தான் சொன்னாள். வேனை வாசலில் நிறுத்தி டிராயரை முழுக்க இழுத்துவைத்து, இருவரும் பத்தடி தள்ளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். மற்ற ஒலிகளெல்லாம் ஒருதடவை வெளியே வந்ததோடு தீர்ந்திருந்தன. அழுகை தீரவில்லை. மத்தியானம்வரை கேட்டாள், அவளும் அழுதாள், முகம் கழுவி வந்து மறுபடி உட்கார்ந்தாள். அவருக்கு அழுகை வரவில்லை. அன்றைக்கு நீ கேட்டப்போ வண்டியிலேர்ந்து இறங்கியிருக்கணும்மா என்று மட்டும், வேனைப் பார்த்தபடி சொன்னார். இறங்கியிருக்கணும்ப்பா என்றாள் அவளும். அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் அப்படியே உட்கார்ந்தார்கள். எதிர்வீட்டுத் தையல்காரர் முதல் வாரம் ஜன்னலைச் சாத்தினார், மறுவாரம் திறந்தார், அதற்கடுத்த வாரம் அதைக் கேட்டுக்கொண்டே பட்டன் தைத்தார்.

கட்டுப் பிரித்த பிறகு மகள் தன் ஊருக்குப் போனாள். போன் வந்தால் அவர் இப்போது வேலையைப் போட்டுவிட்டு வேனிலிருந்து பத்தடி நடந்து வந்து பேசுகிறார். அதிகமில்லை, இரண்டு வார்த்தை. போவதற்கு முன் அவள் ஒரு ஏற்பாடு செய்தாள். வண்டி வருவது யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது என்று, அந்த டிராயர் முழுக்க மூடாதபடி இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு மரத்துண்டு வைத்து ஆணி அடித்தாள். அன்றிலிருந்து வேன் தெருமுனையில் திரும்பும்போதே ஓர் ஆண் அழுகிற சத்தம் வரும். சைக்கிளில் போகிறவர்கள் ஓரம் ஒதுங்குவார்கள், நடுரோட்டில் படுத்திருக்கும் நாய்கள் எழுந்து வழிவிடும். தண்ணீர் ஒழுகிக்கொண்டிருக்கும் வீட்டில் யாராவது அதைக் கேட்டு, பிளம்பர் வந்துட்டார் என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, மெயின் வால்வை மூடப் போவார்கள்.