இளையவள் மட்டும் பிழைப்பதா?

கொழுந்தன் தன் பெண்டாட்டிக்கு வெந்நீர்ப் பை கொண்டு போனதைப் பார்த்ததும், மூத்த மருமகள் மிதித்த மிதியில் தையல் மிஷின் ஊசி படக்கென்று ஒடிந்தது.

"என்னக்கா, ஊசி போச்சா?" கட்டிலில் படுத்தபடியே கேட்டாள் இளையவள்.

"உனக்கென்னடி மகாராணி! நீ படுத்துக்கோ."

ஓரகத்திகள் இருவரும் ஒரே நாளில்தான் கருப்பை வாய்ச் சோதனைக்குப் போனார்கள். இருவருக்குமே உடலுறவால் தொற்றும் ஹெச்.பி.வி. வைரஸ் இருந்தது. "இப்பவே கவனிச்சிட்டா புத்துநோயா மாறாம தடுத்துடலாம், கட்டாயம் திரும்பி வாங்க" என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். இளையவளை அவள் கணவனே வண்டியில் கூட்டிப் போய்ச் சிகிச்சையை முடித்துக்கொண்டு வந்துவிட்டான். மூத்தவளின் கணவனோ, "எவன்கிட்ட வாங்கிட்டு வந்தே?" என்று ஒரே கேள்வி கேட்டான். மாமியார் அதைக் கேட்டும் கேளாதவள்போல் இருந்தாள். அந்தச் சொல்லுக்குப் பயந்து மூத்தவள் ஆஸ்பத்திரித் தெருப்பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை.

வயிறு எரிந்தது அவளுக்கு. இரண்டு பேருக்கும் ஒன்றுதானே? அவளுக்கு வந்தால் ஐயோ பாவம், எனக்கு வந்தால் அசிங்கமா?

"பெரிசா வலியே இல்லக்கா. நீங்களும் போயிட்டு வந்துடுங்க. உங்களுக்கு ஏதாவது ஆனா பாப்பாவை நான் பார்த்துக்குவேன்தான், ஆனாலும்..."

நல்ல மனசோடுதான் சொன்னாள். மூத்தவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. இவள் பார்த்துக்கொள்வாளாம்! என் மகளுக்குத் தலை வாரி, அவள் கல்யாணத்தில் என் இடத்தில் நின்று, அம்மா மாதிரி என்று பேரும் வாங்கிக்கொள்வாளாம்! நான் சுவரில் படமாகத் தொங்க வேண்டுமாம்! நர்ஸின் புத்திமதியால் ஆகாத காரியம் அந்தப் பொறாமையில் ஆனது. முகம் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு புறப்பட்டாள்.

வாசலில் கணவன் மறித்தான். "எங்க கிளம்பிட்ட?"

"ஆஸ்பத்திரிக்கு."

"யார்கிட்டேருந்து வந்துச்சுன்னு சொல்லிட்டுப் போ."

"என்னைத் தொட்ட ஆம்பள நீங்க ஒருத்தர்தான். நீங்களே யோசிச்சுக்குங்க."

அவன் தன் அம்மாவைப் பார்த்தான். மாமியார் பதறிக்கொண்டு வந்தாள்.

"மெதுவாப் பேசுடி! பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க காதுல விழப்போகுது."

மூத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"விழட்டும் அத்தை. அவங்களும் போய்ச் சோதிச்சுக்கட்டும்."