பனிப்பாதையிலிருந்து ஒரு மிஸ்டு கால்

சந்தானம் வீட்டில் போன் பேசுவதற்காக வாங்கப்பட்டதல்ல, அடித்து நிற்பதற்காக வாங்கப்பட்டது. லேக் கார்டன்ஸிலிருந்து யார் எங்கே கிளம்பினாலும், போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங் கொடுத்து வெட்டிவிட வேண்டும். இந்தப் பக்கம் இருப்பவர் எடுக்கக் கூடாது. எடுத்தால் காசு. ஒருமுறை ஷியாமளா அவசரத்தில் எடுத்துவிட்டு, ஹவுரா ஸ்டேஷனில் நின்றிருந்த கணவரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள். துறைமுக அலுவலகத்தில் கை நிறையச் சம்பளம் வாங்கும் மனுஷன்தான். செல்போன் பில் என்றால் மட்டும் அவருக்கு உயிர் போய்விடும்.

அவரை மட்டும் கேலி செய்து என்ன பயன்? அந்த நாளில் கல்கத்தாவில் பாதிக் குடும்பங்கள் இப்படித்தான் இருந்தன. மிஸ்டு கால் வந்தால் ஆள் பத்திரம். மகள் மதுவந்திக்குக் காலேஜ் நாளிலிருந்தே இது பழக்கம்.

அவளுக்கு சால்ட் லேக்கில் ஒரு சின்ன கம்பெனியில் வேலை. என்ன வேலை என்று கேட்டால் சொல்லிப் புரியவைப்பதற்குள் டீ ஆறிவிடும். அமெரிக்காவின் வடக்குக் கோடியில் பனிக்காலத்தில் ஸ்னோமொபைல் என்று ஒன்று ஓட்டுவார்கள். சக்கரத்துக்குப் பதில் சறுக்குக் கட்டை வைத்த மோட்டார் சைக்கிள் மாதிரி இருக்கும். காட்டுக்குள்ளும் உறைந்த ஏரிகளின் மேலும் அதற்கென்று பாதை உண்டு. பகலெல்லாம் வண்டிகள் ஓடிப் பாதை மேடும் பள்ளமும் ஆகிவிடும். பொழுது சாய்ந்து குளிர் இறுகும்போது ஒரு பெரிய டிராக்டர் பின்னால் இரும்புச் சட்டத்தை இழுத்துக்கொண்டு போய் அதைச் சமப்படுத்தும்.

இந்த வேலையை அங்கே ஊர் கிளப்புகள் பார்த்துக்கொள்கின்றன. வண்டிகளின் பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை, சமப்படுத்திய தூரத்துக்குத் தக்கபடி அரசாங்கம் தரும். மீதிக்கு உறுப்பினர் சந்தா, குலுக்கல் சீட்டு, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆப்பம் மாதிரி ஏதோ சுட்டு விற்பது.

"நம்ம பேட்டை பாடா கிளப்ல துர்கா பூஜோவுக்கு வசூல் பண்றா இல்லையாம்மா, அதேதான்" என்றாள் அம்மாவிடம்.

"பனியை வாரி விடறதுக்கு வசூலா? நன்னாருக்கே!" என்று ஷியாமளா சிரித்தாள்.

அந்த வருஷம் அங்கே பனி தாமதமாக விழுந்தது. சந்தா குறைந்தது, டீசல் விலை ஏறியது. கிளப் கூடிப் பேசி, டிராக்டரில் டிரைவரோடு போகும் இரண்டாவது ஆளை நிறுத்திவிட்டது. அவர் இடத்துக்கு வந்தது கல்கத்தாவில் மதுவந்தியின் கம்பெனி. டிரைவர் கிளம்பும்போது போன் செய்வார். மதுவந்தியின் திரையில் அவர் பாதை மஞ்சளாகும்; அதே போர்டை அங்கே கிளப்காரர்களும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். திரும்பிவிட்டேன் என்று போன் செய்ததும் அவள் பச்சையாக்குவாள். நேரத்துக்குள் பச்சையாகாவிட்டால் அது தானாகவே சிவப்பாகிவிடும். உடனே கிளப்காரர்கள் வீடுகளில் போன் அலறும், தேடக் கிளம்புவார்கள். எவ்வளவு மலிவான ஏற்பாடு! ஒரு மனுஷனின் உயிரைப் பூமியின் மறுபக்கத்தில் ஒரு பெண்ணின் விரல் நுனியில் கட்டிவிட்டோம் என்று ஒருவர்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. அவளுக்கும் அப்படித் தோன்றவில்லை. எந்த பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

அங்கே பொழுது சாயும்போது இங்கே விடியும். அதனால் அவளுக்குக் காலை ஷிப்ட்.

டிரைவர் பெயர் எர்ல். பள்ளிக்கூட பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். கிளம்பும்போது இரண்டு வார்த்தை பேசாமல் வைக்கமாட்டார். மனசுக்குள் அவள் அவருக்கு எர்ல் மாமா என்றே பெயர் வைத்திருந்தாள். போன வாரம் திரும்பி வந்தவர் போன் செய்ய மறந்து, திரை சிவந்து, ஊரே குளிரில் கிளம்பித் தேடிப் போனால், மனுஷன் வீட்டில் சூப் குடித்துக்கொண்டிருந்தாராம்.

"மானம் போச்சு, பெண்ணே. மறுபடி அப்படி என்னைத் தேட விட்டுடாதே" என்றார் மறுநாள்.

அப்போதுதான் அவள் தங்கள் வீட்டு மிஸ்டு கால் கதையைச் சொன்னாள். எர்ல் விழுந்து விழுந்து சிரித்தார். "மார்லின்கிட்டச் சொல்லிடாதே. என் பெண்டாட்டி கஞ்சத்தனத்துக்கு இது ஒண்ணுதான் குறைச்சல்."

அன்று சந்தானம் ஆபீஸ் வேலையாக ஹல்தியாவுக்குப் போக, ஹவுராவில் காலை ரயில் பிடித்திருந்தார். மதுவந்தி ஆபீஸுக்கு வந்ததும் வீட்டுக்கு ஒரு ரிங் கொடுத்து வெட்டினாள். எர்ல் பேசினார், கிளம்பினார். பாதை மஞ்சளானது. நேரம் போய்க்கொண்டிருந்தது. சிவப்பாவதற்குக் கொஞ்ச நேரமே இருக்கும்போது அவள் மேஜைப் போன் ஒரு ரிங் அடித்து நின்றது. எர்ல் நம்பர்.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் கற்றுக்கொண்டுவிட்டாரே! திருப்பி அழைக்க வேண்டும் என்ற நினைப்புகூட வரவில்லை. மிஸ்டு காலைத் திருப்பி அழைப்பார்களா யாராவது? பச்சை பட்டனை அழுத்திவிட்டு டீ குடிக்கப் போனாள். டீக்கடையில் தேபாசிஷ்தாவிடம், அவளுடைய டீம் லீடர் அவர், சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அவரும் சிரித்தார்.

திரும்பி வந்து வெகு நேரம் கழித்து மார்லின் பேசினாள்.

"எர்ல் கிளப்ல உட்கார்ந்து அரட்டை அடிக்கிறாரா? உங்க போர்டுல பச்சைன்னு பார்த்துட்டுத்தான் சூப்பைச் சுட வெச்சேன். இன்னும் காணோம்."

மதுவந்தி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வீட்டுக்கு வரலையா?"

"வரலையே. உன்கிட்டப் பேசினார் இல்லையா?"

"பேசல... ஒரு ரிங் அடிச்சு கட் பண்ணினார்."

"ஒரு ரிங்கா?"

"எங்க ஊர்ல, அப்படின்னா, பத்திரமா வந்து சேர்ந்துட்டேன்னு..." சொல்லும்போதே அவள் குரல் அவளுக்கே கேட்காமல் போயிற்று.

மார்லின் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "ஆனா எர்ல் உங்க ஊர் இல்லையேம்மா" என்றாள் மெதுவாக. போன் வைக்கப்பட்டது.

மதுவந்தி அவர் நம்பரை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். இணைப்பில் இல்லை என்று ஒரு இயந்திரப் பெண் அலுப்பே இல்லாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சையைச் சிவப்பாக்கினாள். தேபாசிஷ்தா பின்னால் வந்து நின்று, "கீ ஹோலோ?" என்றார், என்ன ஆச்சு என்று. அவளால் திரும்பிப் பார்க்க முடியவில்லை. சிரித்தேனே, டீக்கடையில் நின்று சிரித்தேனே என்பது மட்டும் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது.

கிளப் தலைவர் பேசியபோது ஆபீஸில் வெயில் நன்றாக ஏறியிருந்தது. தேபாசிஷ்தா கை நீட்டினார், அவள் போனைத் தரவில்லை. தலைவர் சுற்றி வளைக்காமல் சொன்னார். ஏரியில் ஓடை வந்து கலக்கும் இடத்தில் பனிக்கட்டி மெலிந்திருந்தது. டிராக்டரின் முன்பக்கம் உள்ளே இறங்கிவிட்டது. உதவிக்கு உங்களைக் கூப்பிடும்போதே போன் தண்ணீரில் விழுந்திருக்கும். ஆனால் எர்ல் வெளியே வந்திருக்கிறார். நனைந்த உடுப்போடு கரை வரைக்கும் நடந்திருக்கிறார். ஒரு மரத்தில் சாய்ந்து, பாதையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"உயிரோட..?"

"இல்லை."

பிறகு அவர் சொன்னார்: "போன் வராட்டா சிவப்பாகும், நாங்க வருவோம்னு அவருக்குத் தெரியும். அதனாலதான் அங்கேயே உட்கார்ந்துட்டார்."

மதுவந்தி ரிசீவரை வைத்தாள். சரியாக உட்காரவில்லை, மறுபடி எடுத்து வைத்தாள். யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். அவரை நானே உட்கார வைத்துவிட்டேன் என்று அவளுக்குத் தோன்றியது. குளிரில், அந்த மரத்தடியில், வராதவர்களுக்காக.

கைப்பையில் செல்போன் ஒரு ரிங் அடித்து நின்றது.

எடுத்துப் பார்த்தாள். அப்பா. ஹல்தியா போய்ச் சேர்ந்திருப்பார். சேர்ந்திருப்பாரா? அவள் திருப்பி அழைத்தாள். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டார், அவருக்கு எடுக்கும் பழக்கம் இல்லை. நின்றதும் மறுபடி அழைத்தாள். மறுபடியும். பக்கத்து மேஜைக்காரர்களெல்லாம் எழுந்து நின்று அவளைப் பார்த்தார்கள்.

கடைசியில் எடுத்தார். "என்னடி இது? அதான் மிஸ்டு கால் குடுத்தேனே? எதுக்குக் காசைக் கரியாக்கறே?"

"வாயால சொல்லுப்பா" என்று அவள் அலறினாள். "வந்துட்டேன்னு வாயால சொல்லு!"