நிழல் எட்டும் தூரம்

மேலத்துறையில் கைதட்டினால் தலைவரின் கட்அவுட் வளரும். முதலில் அது ஆள் உயரம்தான் இருந்தது. தேர்தல் சமயத்தில் யாரோ கடைவீதி முனையில் நட்டுவிட்டுப் போனார்கள். கூட்டத்தில் நாலு பேர் கைதட்டினார்கள், ஒரு சாண் வளர்ந்தது. வளர்வதைப் பார்த்து இன்னும் நாலு பேர் தட்டினார்கள். தேர்தல் நாள் வருவதற்குள் பெருமாள் கோயில் கோபுரத்துக்குச் சமமாக நின்றது. இவ்வளவு வளர்ந்த பிறகு தேர்தல் எதற்கு என்று எல்லோருக்குமே தோன்றிவிட்டது. தலைவரை நேரில் பார்த்தவர் ஊரில் யாரும் இல்லை. அதை ஒரு குறையாக யாரும் சொல்லவுமில்லை.

கட்அவுட் வளர்ந்தால் நிழலும் வளரும். தலைவரின் நிழல் விழும் இடமெல்லாம் நம் நாடு என்று சட்டம் வந்தது. மேலத்துறை ஆற்றின் மேற்குக் கரையில் இருக்கிற ஊர். பொழுது சாயச் சாய நிழல் கிழக்கே நீண்டு ஆற்றை நோக்கிப் போகும். அக்கரையில் கீழத்துறை. அது வேறு நாடு. போன தலைமுறையில் ஒரு வெள்ளத்தில் ஆறு தடம் மாறி, மேலத்துறைக்காரர்களின் வெள்ளரித் தோட்டங்களை அக்கரையோடு சேர்த்துவிட்டது. அந்த வெள்ளரிப்பிஞ்சின் ருசியைப் பற்றி, அதை ஒரு கடிகூடக் கடித்திராதவர்கள்தான் அதிகம் பேசினார்கள். பேசும்போது அவர்களுக்குக் கண் கலங்கும். தலைவர் தோட்டங்களை மீட்டுத் தருவார் என்று ஒலிபெருக்கி சொன்னது. கூட்டம் கைதட்டியது. கட்அவுட் வளர்ந்தது.

பவளக்கொடிக்குத் தோட்டமும் கிடையாது, துரவும் கிடையாது. அவள் கைதட்டியதெல்லாம் புருஷனுக்காக.

மருதையன் கீழத்துறை அரிசி மில்லில் மெக்கானிக்காக இருந்தான். காலையில் தூக்குவாளியோடு பரிசல் ஏறிப் போவான், விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்பிவிடுவான். ஒரு நாள் அவன் மில்லில் இருக்கும்போதே, மத்தியானச் சாப்பாட்டு வேளையில், ஆறு எல்லையாகிவிட்டது. பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஒரு காவலர் உட்கார்ந்துகொண்டார். மருதையன் அக்கரையிலேயே நின்றுபோனான். வீட்டுச் சாவியும் அவன் சட்டைப் பையிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டைப் பூட்டவே இல்லை. வேறு பூட்டு வாங்கிக்கொள்ளேன் என்று தெருவில் சொல்லிப் பார்த்தார்கள். வேறு பூட்டு வாங்கிவிட்டால் அந்த மனுஷன் சாவியை வைத்துக்கொண்டு என்ன செய்வார் என்று அவள் கேட்டாள்.

அவன் விட்டுப்போன இன்னொரு சட்டை கொடியில் தொங்கியது. தவிடும் கிரீஸும் கலந்த வாசனை அதில் கொஞ்ச நாள் இருந்தது. பவளக்கொடி அடிக்கடி முகர்ந்து பார்த்தே அதைத் தீர்த்துவிட்டாள். வாசனை தீர்ந்த அன்றைக்கு அவள் அழுத அழுகை, ஆறு எல்லையான அன்றைக்குக்கூட அழுதிராத அழுகை. சாயங்காலங்களில் கரைக்குப் போய் நிற்பாள். அக்கரையில் மில் கூரைக்குக் கீழே வெள்ளையாக ஒரு புள்ளி தெரியும். அதை மருதையன் என்று வைத்துக்கொள்வாள். சில நாள் அது கொக்காகவும் இருந்திருக்கலாம். ஆனால் கொக்காகவே இருந்தாலும் அது பறந்து போகிறவரைக்கும் அவள் கரையை விட்டு வரமாட்டாள்.

அதனால்தான் நிழல் விஷயம் அவளுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் விளங்கியது. நிழல் மில் தெருவை எட்டிவிட்டால் மில் தெரு நம் நாடு. மருதையன் குடியிருக்கிற அறை வாசலை எட்டிவிட்டால் அவன் நம் நாட்டில் இருக்கிறான். அப்புறம் புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் எல்லை ஏது? அவள் கூட்டத்தில் முன்வரிசையில் போய் நின்று தட்டினாள். ஒலிபெருக்கியில் தலைவருக்குத் தொண்டை கமறினால்கூடத் தட்டினாள். என்ன பேசுகிறார் என்று காதில் வாங்கியதில்லை. வாங்கியவர்களும் அதே அளவுதான் தட்டினார்கள் என்பதால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை.

ஒரே ஒரு சங்கடம் இருந்தது. அவள் பிழைப்பு அப்பளம். கட்அவுட் வளர்ந்து அகன்று, ஊரில் பகல் முழுக்க எங்கேயாவது ஒரு பக்கம் நிழல் கிடந்தது. அப்பளம் காயவில்லை. ஓரமெல்லாம் பூஞ்சணம் பிடித்தது. துணி காயவில்லை, விறகு காயவில்லை, தலை குளித்தால் மறுநாளும் ஈரம் சொட்டியது. ஊரே ஈரத்துணி உடுத்திக்கொண்டு, ஒருவர்மேல் ஒருவர் தும்மிக்கொண்டு, நலமா என்றால் நலம் என்றது.

பக்கத்து வீட்டுச் செபமாலை வாத்தியார் மட்டும் ஒரு நாள் வாசலில் நின்று வேட்டியைப் பிழிந்துகொண்டே, "ஈரமால்ல இருக்கு" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சாயங்காலமே உலர்த்தும் இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். மரியாதையான ஆட்கள். செருப்பை வாசலிலேயே விட்டார்கள்.

"ஐயா ஈரமா இருக்குன்னு சொன்னீங்களாம். வாங்க, உலத்திட்டு வந்துடலாம்."

"நான் வேட்டியச் சொன்னேன் தம்பி."

"வேட்டியோடயே வாங்கய்யா."

வேட்டி கொடியில் கிடந்தது. அவர் கைலியோடுதான் போனார். போகிற வழியில் அந்த இருவரும் பவளக்கொடி வாசலில் நின்றார்கள். அவள் அப்போது புடவைத் தலைப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள். "ஒனக்கு எப்படிம்மா இருக்கு, காஞ்சிருக்கா?" என்று கேட்டார்கள். அவள் தலைப்பை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், "நல்லாக் காஞ்சிருக்குங்க" என்றாள். தண்ணீர் அவள் குதிகாலில் சொட்டியது. வாத்தியார் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஆமா, அந்தப் புள்ளைக்கு எப்பவுமே காஞ்சுதான் இருக்கும்" என்று அவர்களிடம் சொல்லிவிட்டுப் போனார்.

அன்றைக்கு நிழல் ஆற்றங்கரையைத் தொட இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. பவளக்கொடி கூட்டத்துக்குப் போனாள். கை வலித்தது. வாத்தியார் முகம் நினைவுக்கு வந்தபோதெல்லாம் அதை அடக்குவதற்காக இன்னும் பலமாகத் தட்டினாள்.

நிழல் ஆற்றில் இறங்கியது. நிழல் விழுந்த தண்ணீர் நம் நாட்டுத் தண்ணீர் என்பதால் அது நம்மவர்களின் காலைத் தாங்கியது. கணுக்கால்வரை நனையும், அவ்வளவுதான். சாயங்காலமானால் மேலத்துறை ஜனங்கள் குழந்தை குட்டியோடு நிழல்மேல் நடந்துபோய், தலைவரின் தலைமுடி நிழல் விழுகிற இடத்தில் நின்று காற்று வாங்கிவிட்டு, பொழுது மறைவதற்குள் ஓடி வந்துவிடுவார்கள். ஓடி வராதவர்களை ஆறு எடுத்துக்கொண்டது. நிழல் முன்னேறும்போதெல்லாம் கீழத்துறைக் காவலர்கள் ஓர் அடி பின்னால் வைத்துக்கொண்டார்கள். அவர்கள் நாட்டிலும் அதே சட்டம்தான். நிழலை விட்டு வெளியே வைக்கிற காலை அவர்கள் சுடலாம். வெளியிலிருந்து நிழலுக்குள் வருகிற காலை இவர்கள் சுடலாம். இதில் இரண்டு பக்கமும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

நிழல் அக்கரை ஏறிய அன்று பவளக்கொடி முதல் ஆளாகப் போய் அதன் ஓரத்தில் நின்றாள். எதிரே, வெயிலில், கை நீட்டினால் தொட்டுவிடும் தூரத்துக்குச் சற்றுத் தள்ளி மருதையன் நின்றான். காதோரம் நரைத்திருந்தது.

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

"ஆச்சு. நீ?"

"ஆச்சு."

அவனை அப்படியே வாரி மடியில் போட்டுக்கொள்ள வேண்டும்போல அவளுக்கு இருந்தது. காலடியில் நிழலின் ஓரம் மெல்ல நடுங்கியது.

"சாவி பத்திரமா இருக்கு" என்று அவன் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினான். அப்போது அவன் உள்ளங்கை தெரிந்தது. தோல் காய்த்து வெடித்திருந்தது.

"மெஷின்ல குடுத்துட்டீங்களா கைய?"

"இல்ல புள்ள. தட்டித் தட்டித்தான். இங்கயும் ஒருத்தரு நிக்கிறாரு. தட்டுனா வளருறாரு. காலையில அவரு நெழலு உங்க பக்கம் வருதுல்ல? நம்ம வீட்டு வாசலுக்கு வந்துருச்சுன்னா நான் பாட்டுக்கு வீட்டுக்கு வந்துடலாமேன்னு தட்டுறேன்."

பவளக்கொடி தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அதே காய்ப்பு, அதே வெடிப்பு. அவன் இவ்வளவு ஆசையாகத் தன்னைத் தேடியிருக்கிறான் என்று அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. அவனுக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். அவனுக்குப் பின்னால் மில் தெருவில் நிறையப் பேர் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவளுக்குப் பின்னாலும் தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாத்தியாரய்யா சௌக்கியமா?" என்று மருதையன் கேட்டான்.

"உலத்தக் கூட்டிட்டுப் போயிருக்காங்க."

"இன்னும் காயலையாமா?"

"இல்லையாம்."

இருவரும் குனிந்து அவரவர் காலைப் பார்த்துக்கொண்டார்கள். பொழுது இறங்கியது. அவள் ஆற்றின்மேல் ஓட வேண்டியிருந்தது. ஓடும்போது திரும்பிப் பார்த்து, "இன்னும் ஒரே ஒரு தெருங்க!" என்று கத்தினாள்.

மறுநாள் காலை கீழத்துறைத் தலைவரின் நிழல் ஆற்றைத் தாண்டி வந்து, மேலத்துறையின் சந்தையில் பாதியைத் தங்கள் நாடு என்றது. கத்தரிக்காய் விற்றவர்கள் அந்த நாட்டவராகவும், வாங்க வந்தவர்கள் இந்த நாட்டவராகவும் போய்விட்டதால் பேரம் பேசக்கூட முடியவில்லை. ஒலிபெருக்கி அதை அவமானம் என்றது. மேற்கே இருக்கிற தேசங்களிலும், கடலுக்கு அப்பாலும், ஆங்காங்கே ஒருவர் நின்று வளர்ந்துகொண்டிருப்பதாகச் செய்தி வந்தது. இளவட்டங்களுக்கெல்லாம் காக்கித் துணி கொடுத்தார்கள். அதுவும் ஈரமாகத்தான் இருந்தது. போர் இன்று சாயங்காலம், எல்லோரும் நிறுத்தாமல் தட்ட வேண்டும், வீடுவீடாகப் போருக்குக் கிளம்ப வேண்டும் என்று ஒலிபெருக்கி சொன்னது.

நிறுத்தாமல் தட்டினார்கள். கட்அவுட்டின் கழுத்துக்கு மேலே மேகத்துக்குள் போய்விட்டது. நிழல் ஆற்றைத் தாண்டி, கரையைத் தாண்டி, மில் தெருவுக்குள் சரசரவென்று ஓடியது. பவளக்கொடி அதன் ஓரத்தோடு ஓரமாகத் தட்டிக்கொண்டே ஓடினாள். காவலர்கள் பின்னால் பின்னால் போனார்கள். மில்லைத் தாண்டி மூன்றாவது வீடு. வாசற்படியில் மருதையன் நின்றான். அவனும் தட்டிக்கொண்டிருந்தான், அந்தப் பக்கத்து ஒலிபெருக்கியும் அதையேதான் சொல்லியிருந்தது. நிழல் அவன் கால் விரலில் ஏறி, முழங்காலில் ஏறி, முகத்தை மூடியது. அவன் நம் நாட்டுக்கு வந்துவிட்டான்.

அவள் அவன் முன்னால் போய் நின்றாள். மூச்சு வாங்கியது. அவன் முகத்தைத் தொடுவதற்காகக் கையைத் தூக்கினாள். இரண்டு கைகளும் பாதி வழியில் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. மறுபடி தூக்கினாள். மறுபடி தட்டின. அவன் அவளைச் சேர்த்து அணைக்கக் கைகளை அகல விரித்தான். விரித்த கைகள் அவள் மார்புக்கு முன்னால் வந்து பட்டென்று தட்டிக்கொண்டன.

"கைய நிறுத்துங்க" என்றாள்.

"நீ மொதல்ல நிறுத்து."

நிறுத்த வரவில்லை. தெருவில் யாருக்கும் வரவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் நிழல் அவர்களைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. மில் தெருவைக் கடந்தது, வெள்ளரித் தோட்டங்களைக் கடந்தது, அடுத்த ஊரைக் கடந்தது. வெள்ளரித் தோட்டத்தில் யாரும் நிற்கவில்லை. கடல்வரை போய்விட்டதாக யாரோ சொன்னார்கள். பொழுது மறைந்தது. நிழல் மறையவில்லை. அதனால் ஓட வேண்டியிருக்கவில்லை என்பதில் பவளக்கொடிக்கு ஒரு நிம்மதி இருந்தது.

தட்டுகிற கைகளுக்கு மேலே எம்பி, அவன் நெற்றியில் தன் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அந்த வாசனை அவனிடம் அப்படியே இருந்தது. தவிடும் கிரீஸும். கண்ணை மூடி அதை இழுத்து இழுத்து முகர்ந்தாள்.

"வீட்டுக்குப் போயிடலாங்க. சாவி?"

"பையிலதான் இருக்கு. எடுத்துக்க."

எடுக்க இருவருக்கும் கை ஒழியவில்லை.

அப்போது ஆற்றுப் பக்கமிருந்து போருக்குப் போகிறவர்கள் வந்தார்கள். முதலில் காக்கி உடுப்பில் இளவட்டங்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னால் மேலத்துறையின் வீடுகள் வரிசையாக, காலடி பிசகாமல் வந்தன. செபமாலை வாத்தியாரின் வீடு, கொடியில் சொட்டச் சொட்டக் கிடந்த வேட்டியோடு முன்னால் போனது. அதற்கு அடுத்தது இவர்களுடைய வீடு. மாடியில் காயாத அப்பளம் பரப்பியபடியே இருந்தது. கதவு திறந்திருந்தது, உள்ளே கொடியில் சட்டை தெரிந்தது. வீடு இருவரையும் தாண்டிக் கிழக்கே போனது. அது கண்ணுக்கு மறைகிறவரைக்கும் அவர்கள் அதற்குக் கைதட்டிக்கொண்டு நின்றார்கள்.