ஐயாவு பொஞ்சாதி

மாரியம்மன் மேல் சத்தியம். கற்பூரத்தை அடித்துச் சொல்கிறேன்: இதில் ஒரு சொல்கூடக் கூட்டிச் சொல்லவில்லை.

எண்பத்து மூன்றாம் வருடம். வேலை பார்த்த ரப்பர்த் தோட்டத்தை முதலாளி வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டதால் ஐயாவு குனோங் ராபாட்டுக்கு வந்து வேலையில்லாமல் இருந்தார். மனைவி வீரம்மாதான் ஜெலாப்பாங்கில் ஒரு கையுறை ஆலைக்குப் போய்க் குடும்பத்தை நடத்தினாள். ஒருநாள் காலை கோப்பெங்கிலிருந்து ஆள் வந்தது. அவள் அப்பாவுக்கு முடியவில்லை, மகளைக் கேட்கிறார் என்று. ஐயாவு மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு ஆலை வாசலுக்குப் பறந்தார்.

"பினி பூஞா நாமா?" என்று மலாயில் மனைவியின் பெயரைக் கேட்டார் வாசல் காவலுக்கு இருந்த ஜாகா.

ஐயாவு வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. இருபது வருடமாக அவருக்கு அவள் 'இந்தா'. தோட்டத்தில் காலைப் பெரட்டில் எல்லாரையும் நிறுத்தி ஆள் கணக்கெடுக்கும் கிராணியும் "ஐயாவு பொஞ்சாதி" என்றுதான் கூப்பிட்டார். மணவறையில் ஐயர் பெயரைச் சொல்லியிருப்பார். மேளச் சத்தத்தில் காதில் விழவில்லை.

"பொண்டாட்டி பேரு தெரியாதாலா?" ஜாகா தமிழுக்கே வந்துவிட்டார்.

ஐயாவு ஜாகாவிடமிருந்த ஒலிபெருக்கியை வாங்கி, "ஏ, இந்தா" என்றார்.

ஆலையே நின்றுவிட்டது. உள்ளேயிருந்த தமிழ்ப் பெண்கள் அத்தனை பேரும், தங்கள் வீட்டுக்காரர்தான் என்று, அச்சிலிருந்து உரித்த கையுறையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"நம்மாளு இல்லடி," என்றாள் ஒருத்தி. "கொரலு மட்டும் அப்படியே இருக்கு."

ஐயாவு தரையைப் பார்த்தார். கடைசியாக வந்தாள் வீரம்மா.

"ஒங்கப்பாவுக்கு முடியல. போலாம்."

"பேரச் சொல்லியிருந்தா மொதல்லயே வந்திருப்பேன்லா," என்று சொல்லி ஏறி உட்கார்ந்தாள்.

கோப்பெங்கில் கிழவருக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. மகளைக் கண்டதும், "வீரம்மா" என்றார்.

யாரோ ஒரு பெண் வந்திருக்கிறாள் என்று ஐயாவு வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

அதை அவள் பார்த்துவிட்டாள். அப்பாவின் கையைப் பிடித்தபடியே பார்த்தாள். கிழவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். "இருக்கேம்ப்பா," என்றாள். அதோடு அந்தக் குரல் நின்றது.

காரியமெல்லாம் முடிந்து வீட்டுக்குத் திரும்பும்போது, மோட்டாரை ஓட்டிக்கொண்டே ஐயாவு அந்தப் பெயரைச் சொல்லிப் பார்த்தார். "வீ" வரைக்கும் வந்தது. பிறகு இருமலாகிவிட்டது.

"விடுங்க," என்றாள் பின்னாலிருந்து. "கூப்புட்டவரு போயிட்டாரு."

வீரம்மா என்பது கதைக்காக வைத்த பெயர். அந்த அம்மாவின் பெயர் யாருக்கும் தெரியாது.