தெருப்பக்கச் சுவர்

சுவர் வேண்டும், சுவர் வேண்டும் என்று உபதேசியார் சபை மேலிடத்தை நச்சரித்த நச்சரிப்பு கொஞ்சநஞ்சமல்ல. அதுவரை அந்தச் சிற்றூரில் ஞாயிறு ஆராதனை நடந்தது நாலு தூணும் தகரக் கூரையும் மட்டுமே உள்ள ஒரு கொட்டகையில். காற்றடித்தால் வேதப்புத்தகம் தானே பக்கம் புரட்டிக்கொள்ளும். தெருவுக்கு எதிரே கொல்லர் பட்டறை வேறு. பாட்டு ஆரம்பித்தால் போதும், டங் டங்கென்று தாளம் தப்பிச் சுத்தியல் அடிக்கும். ஆகவே மேலிடம் மனம் இரங்கிச் செங்கல் அனுப்பியபோது, உபதேசியார் கொத்தனாரிடம் ஒரே ஒரு விண்ணப்பம்தான் வைத்தார்: தெருப்பக்கம் ஒரு ஓட்டைகூட இருக்கக் கூடாது. கதவையும் ஜன்னல்களையும் வயல் பக்கமாக வைத்தாயிற்று.

சுவர் எழும்பியது. கூட்டம் காணாமல் போனது.

முன்பெல்லாம் சைக்கிளில் சாய்ந்துகொண்டு பால்காரர், குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமலே சில பெண்கள், மாட்டை ஓட்டிப் போகிற சாக்கில் இன்னும் சிலர் என்று கொட்டகையைச் சுற்றி எப்போதும் ஆள் நிற்கும். இப்போது தையல்காரர் குடும்பமும் ஒரு வயதான தம்பதியும், ஆக ஆறே பேர். மற்றவர்கள் தலை காட்டவில்லை. விஷயம் மேற்பார்வையாளர் ஐயாவின் காதுக்கு எட்டிவிட்டது. மாதக் கடைசி ஞாயிறு தானே நேரில் வருவதாகவும், நிலைமை இப்படியே இருந்தால் அங்கே ஊழியத்தை முடித்துவிட்டு உபதேசியாரை வேறு ஊருக்கு மாற்றப்போவதாகவும் சொல்லி அனுப்பினார்.

உபதேசியார் பயந்துபோனார். ஊர் ஊராகப் பெட்டி தூக்கி அலுத்துப்போன அவர் மனைவி, இந்த ஊரில்தான் முதல்முறையாக வீட்டு ஜன்னலுக்குத் திரை தைத்துப் போட்டிருந்தாள். ஆனால் பயத்தைவிட, ஏன் என்கிற கேள்விதான் அவர் மண்டையை அதிகமாகக் குடைந்தது. வீடு வீடாகப் போய்ப் பார்த்தார். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. உட்காரச் சொன்னார்கள், தண்ணீர் கொடுத்தார்கள், "வேலையாப் போச்சுங்க" என்றார்கள். கோபமும் இல்லை, வரவும் இல்லை என்றால் இது என்ன கணக்கு?

"என் பிரசங்கம் முன்ன மாதிரி இல்லையோ?" என்று மனைவியிடம் கேட்டார்.

"முன்ன மாதிரியேதான் இருக்கு," என்றாள் அவள். "அதனாலதான் வரலைன்னு நான் சொல்ல மாட்டேன்."

அந்த வார ஞாயிறு அவருக்கு இருமல் பிடித்துக்கொண்டது. வேதம் வாசிக்கிற பொறுப்பைத் தையல்காரரிடம் விட்டுவிட்டு வெளியே வந்தார். இருமிக்கொண்டே கட்டடத்தைச் சுற்றித் தெருப்பக்கம் வந்தபோதுதான் கவனித்தார், உள்ளே நடப்பது ஒன்றுமே கேட்கவில்லை. குடத்தோடு வந்த ஒரு பெண் சுவரோரம் நின்று, காதைத் தீட்டிப் பார்த்துவிட்டு, உதட்டைப் பிதுக்கிக்கொண்டு போனாள். சுத்தியல் சத்தம் வெளியே இருந்து உள்ளே வரக் கூடாது என்று நினைத்தாரே தவிர, உள்ளே இருந்து எது வெளியே போகாது என்று அவர் யோசிக்கவே இல்லை.

பட்டறையிலிருந்து கொல்லர் குரல் கொடுத்தார். "என்ன உபதேசியாரே, இன்னைக்கு ஜெபம் இல்லையா?"

"நடந்துட்டுத்தானே இருக்கு."

"அட, யாருக்குத் தெரியுது? முன்னயெல்லாம் நீங்க பேச ஆரம்பிச்சா அடிக்கிறத நிறுத்திடுவேன். இப்ப எப்ப ஆரம்பிக்கிறீங்கன்னே தெரியல. நான் பாட்டுக்கு அடிச்சிட்டிருக்கேன்."

 பாட்டின்போது அடித்த சுத்தியல்தான் உபதேசியாருக்கு ஞாபகம். பிரசங்கத்தின்போது அது ஓய்ந்திருந்ததை ஒரு நாளும் கவனித்ததில்லை. ஓய்ந்த சத்தத்தை யார்தான் கவனிக்கிறார்கள்?

"உள்ள வரலாமேண்ணே."

"உள்ள வந்தா வந்ததா ஆயிடும். இங்க நின்னா என் வேலைய நான் பாத்ததா இருக்கும். நாளைக்கு வேதத்துல சேந்துட்டியான்னு எங்க அண்ணன் கேட்டா நான் பதில் சொல்லணும்ல?" கொல்லர் சுத்தியலைக் கீழே வைத்தார். "அது கிடக்கட்டும். அந்தச் சின்னவன் என்ன ஆனான்?"

"எந்தச் சின்னவன்?"

"சொத்தப் பிரிச்சு வாங்கிட்டுப் போய்க் கண்டபடி அழிச்சுட்டு, பன்னி மேய்க்கப் போனானே. அப்பன் மூஞ்சில எப்படி முழிக்கிறதுன்னு உக்காந்திருந்தான். அங்க விட்டுட்டுச் சுவரக் கட்டிட்டீங்க. அப்பன் சேத்துக்கிட்டாரா இல்லையா?"

கொட்டகையின் கடைசி ஞாயிறு அவர் பாதியில் நிறுத்திய வேதக் கதை அது. உபதேசியாரை வெட்கம் பிடுங்கித் தின்றது. பன்றிகளோடு ஒருத்தனை இத்தனை நாள் உட்கார வைத்துவிட்டு, இவர் ஜன்னலை எந்தப் பக்கம் வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். இப்போதே சொல்கிறேன் என்று வாயெடுத்தார்.

"எனக்கு மட்டும் சொன்னா எப்படி? பால்காரன் வந்தப்பல்லாம் கேக்கிறான்," என்று தடுத்துவிட்டார் கொல்லர்.

மாதக் கடைசி ஞாயிறு மேற்பார்வையாளர் ஐயா காரில் வந்து இறங்கினார். சுவரைத் தட்டிப் பார்த்துத் திருப்திப்பட்டு, முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தச் சுவருக்காகப் பல பேரிடம் பல்லைக் காட்டியவர் அவர்தான். முதல் பாட்டு முடிந்தது. உபதேசியார் எழுந்தார். புத்தகத்தை எடுத்துக்கொண்டு, "எல்லாரும் பாயச் சுருட்டிக்கிட்டுத் தெருப்பக்கம் வாங்க," என்றார்.

"என்னய்யா கூத்து இது? கட்டடத்த விட்டுட்டுத் தெருவுல உக்கார்றதா?"

"ஒரு கதை பாதியில நிக்குதுங்கய்யா."

சுவரின் நிழலில் பாய் விரித்தார்கள். மேற்பார்வையாளர் உட்கார மாட்டேன் என்று காரில் சாய்ந்து நின்றார். உபதேசியார் பேச ஆரம்பித்ததும் சுத்தியல் நின்றது. இந்த முறை அதை அவர் கேட்டார். சைக்கிள் ஒன்று வந்து நின்றது. குடங்கள் நின்றன. யாரும் அவரைப் பார்க்கவில்லை, எல்லாருக்கும் தெருவில் ஏதோ வேலை இருந்தது. தூரத்தில் மகனைப் பார்த்ததும் தள்ளாத வயதில் அப்பன் எடுத்த ஓட்டத்தைச் சொன்னார். வயலிலிருந்து வந்த மூத்தவன், தம்பிக்கு விருந்து என்று கேட்டதும் கோபத்தில் வாசலிலேயே நின்றுவிட்டதைச் சொன்னார். விருந்தை விட்டுவிட்டு அப்பன் வெளியே வந்து அவனைக் கெஞ்சியதோடு கதை முடிந்தது.

மேற்பார்வையாளர் அவரைத் தனியே கூப்பிட்டார். "இதோ பாரு, வந்தவங்க ஆறு பேர்னுதான் நான் மேல சொல்ல முடியும்."

"அப்படியே சொல்லுங்கய்யா. உள்ள வர்றது ஆறு பேர்தான்."

சற்றுத் தள்ளி நின்று கேட்ட மனைவிக்குத் திரைச்சீலை ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அப்போது கொல்லர் தெருவைக் கடந்து வந்தார். பட்டறையிலிருந்து சுவர் வரைக்கும் அவர் வருவது இதுதான் முதல்முறை. "ஐயா, இவருக்கு மேல உள்ளவங்கன்னு சொன்னாங்க. ஒரு சந்தேகம். அந்த மூத்தவன் கடைசில உள்ள போனானா?"

எத்தனையோ ஊர்களில் எத்தனையோ முறை அந்தக் கதையைப் பேசிய மனிதர் கொஞ்சம் தடுமாறினார். "அது எழுதியிருக்கலப்பா."

"எழுதலையா?" கொல்லர் தாடையைச் சொறிந்தார். "அப்ப அப்பன் இன்னும் வெளியதான் நின்னுட்டிருக்காரு."

மேற்பார்வையாளர் கார்க் கதவில் வைத்த கையை எடுத்தார். சைக்கிளைப் பார்த்தார், இன்னும் நகராத குடங்களைப் பார்த்தார், தான் கட்டிக்கொடுத்த சுவரைப் பார்த்தார்.

"நீ இங்கயே இருய்யா," என்றார் உபதேசியாரிடம், திட்டுகிற குரலில். "முதல்ல இந்தச் சுவத்துல ஒரு ஜன்னல் வை."

"கம்பி நான் அடிச்சுத் தர்றேன்," என்றார் கொல்லர். சுவரைக் கையால் முழம் போட்டு அளந்துவிட்டுத் திரும்பினார். "ஜன்னல் போதும். கதவு இப்ப வேணாம்."